கெலிஓயா வரை கேட்ட நெஞ்சு

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு, ஐப்பசி மழையோடு, அலவத்துகொடவில் ஹபீலாவின் நெஞ்சு அடிப்பது வெளியே கேட்கத் தொடங்கியது. முதலில் அடுத்த வீட்டுக்கு, பிறகு பள்ளிவாசல் வரைக்கும். யாரோ நெல் குத்துவதாகத்தான் ஊர் நினைத்தது. புருஷன் மௌத்தாகி விதவையானபின் கூடப்பிறந்த நானா ஜவாஹிரின் வீட்டில் இருந்தவள் அவள். மிளகு வாங்க வந்த கெலிஓயா வியாபாரி றவூப், கதவிடுக்கில் அவள் நீட்டிய செம்புத் தண்ணீரைக் குடித்து, "நல்ல குளிர்ச்சி" என்று சொல்லிப்போன அன்று அது ஆரம்பித்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஜவாஹிர் அவளை யூனானி வைத்தியரான ஹகீமிடம் கூட்டிப்போனார். ஹகீம் நாடியைப் பிடித்தபடி ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை. கெலிஓயா என்றதும் அவள் நெஞ்சு அடித்த அடியில் லேகியப் போத்தல்கள் தட்டிலிருந்து குதித்தன. "இது இஷ்க், காதல் நோய். நிக்காஹ்தான் மருந்து," என்றார். என் தங்கச்சி அப்படிப்பட்டவளில்லை என்று கோபித்த ஜவாஹிர், கண்டி டவுனில் சீமைப் படிப்புப் படித்த டொக்டரிடம் போனார். அவருக்கு நெஞ்சில் குழாய் வைக்கத் தேவையே இருக்கவில்லை. தடித்த புத்தகத்தைப் புரட்டி, ஆசை மிஞ்சிய பெண்களுக்கு வரும் மூளைக் கோளாறு என்றார்.

"எனக்கு ஒரு வருத்தமும் நோயும் இல்ல டொக்டர்."

"அப்படிச் சொல்றதும் இந்த வருத்தத்தின் அடையாளம்தான்."

வாவிக்கரையில் அவருடைய வைத்தியமனையில் அவளுடைய முடியை வெட்டி, உச்சியில் ஐஸ் வைத்து, கசப்பு மருந்து கொடுத்தார்கள். மாசி பிறந்தபோது சத்தம் நின்றது. டொக்டருக்குத் திருப்தி. ஹபீலாவுக்கோ, ஆட்கள் வெளிக்கிட்டுப்போன வீடுபோல் இருந்தது தன் உடம்பு. அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பயந்தாள்.

அதே வாரம் கெலிஓயாவில் றவூபின் கடைத் தராசுகள் தாமாக ஆடின. கண்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் நெஞ்சுச் சத்தம் கூடியது. ரயிலேறினார், பெட்டியிலிருந்தவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். வைத்தியமனைக் கண்ணாடிகள் அதிர, தங்கச்சியைப் பார்க்க வந்திருந்த ஜவாஹிரின் முன்னால் போய் நின்றார்.

"நானா, இது உங்கட தங்கச்சிட நெஞ்சு. எனக்கிட்ட வந்திட்டு."

டொக்டர் புத்தகத்தைக் கடைசி வரை புரட்டினார். ஆண்களுக்கு அப்படியொரு நோய் அதில் இல்லை. உள்ளே கட்டிலில் ஹபீலாவின் நெஞ்சு ஒருதரம் அடித்தது, தயங்கி இன்னொருதரம். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள்.

"நானா, நான் அலவத்துகொடவுக்கு வரல்ல."

நோன்புப் பெருநாள் கழிந்து ஜவாஹிரே வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, இருந்து நிக்காஹ் முடித்துக் கொடுத்தார்.

முப்பதுகள் முழுக்கக் கெலிஓயாவில் அந்த இரண்டு நெஞ்சும் கேட்டன. யாரும் அதைப் பேசுவதில்லை. அவர்கள் விருந்துக்கு வெளியூர் போன நாட்களில் மட்டும், தெருவிலுள்ள குழந்தைகள் தூங்க மறுத்து அழுதன. எப்போது திரும்புவார்கள் என்று தாய்மார் றவூபின் கடைப் பையனிடம் வந்து கேட்டுப்போனார்கள்.