தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் வெயில். புதுப்பட்டினத்தில் புதிதாகக் கட்டிய நூலகத்துக்குக் கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கடலைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பது கட்டடத்தை வடிவமைத்த அச்சுதனின் எண்ணம். கடல் தெரிகிறது. கூடவே சூரியனும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலை முழுக்க நிழல் ஒரே இடத்தில்தான்: நடுத்தூணுக்குப் பின்னால். அங்கே ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.*

(* நூலகர் பிரிசில்லா திரைச்சீலை கேட்டாராம். "கடல் மறைஞ்சிடுமே மேடம்" என்றாராம் அச்சுதன். "மறையட்டும் சார், வூட்டுலகூட அதைத்தான பாத்துகினு கீறோம்!")

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "நவீனக் கட்டடக்கலை என்பது வெளிச்சத்துக்கும் மனிதனுக்கும்

(கண் கூசியது. விட்டுவிட்டேன்.)

3

கதாநாயகி சிநேகா. காலையில் இங்கே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். மதியத்துக்கு மேல் துணிக்கடையில் வேலை. தேர்வு வரும் ஞாயிறு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே முறையில் கதவு திறந்ததும் தூண் நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவவே போவாள். அச்சுதனின் வரைபடத்தில் இந்த ஏற்பாடு கிடையாது.

முதலில் அவளைப் பரிதாபமான பெண்ணாக எழுதியிருந்தேன். இன்று நான் முந்திக்கொண்டு கைக்குட்டை போட்டு உட்கார்ந்ததும், அவள் வந்து நின்ற தோரணையில் பரிதாபம் எதுவும் இல்லை.

"இன்னா சார், டெய்லி நான் குந்துற எடம்னு தெரியாதா?"

"கதை எழுதிகினு கீறேன்மா. உன்னைப் பத்திதான்."

"அப்போ நான் பாஸாவுறேனா?"

"அது இன்னும் முடிவு பண்ணல."

"குந்திப் படிச்சாத்தான சார் பாஸாவ முடியும்? எந்திரிங்க."

நான் எழுந்திருக்கவில்லை. கதைக்கு முடிவு வேண்டுமே.

4

முடிவு அ: அச்சுதன் மனம் மாறித் திரை போடுகிறார். (டெண்டர் விட்டு, திரை வருவதற்குள் தேர்வு முடிவே வந்துவிடும்.)

முடிவு ஆ: மேகம் வருகிறது. (சித்திரையில் நான் எழுதினால் மட்டும் வந்துவிடுமா?)

முடிவு இ: சிநேகா வெயிலிலேயே உட்கார்ந்து படித்து முதலிடம் (நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அவள் புத்தகத்தைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமேல் இருக்கும் புத்தகத்தை எப்படிப் படிப்பது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.)

5

பிரமாதமான முடிவு ஒன்று இப்போதுதான் பிடிபட்டது. அதை எழுதி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் நிழல் வேண்டும். அவளுக்கும் வேண்டும். வாசகரே, உங்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறதுதானே? மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பாஸாக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், திங்கட்கிழமை நான் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நின்றுகொண்டே எழுதுவதால் இந்த வாக்கியத்தை