சதுரத்துக்குள் ஒரு மாத்திரை

செபாஸ்தியம்மாள் தனக்கென்று கட்டி வைத்திருந்த கல்லறைக்குள் பேரன் அமலன் முந்திப் போய்ப் படுத்துக்கொண்டான். மூளையில் கட்டி; அறுவை முடிந்தும் பிள்ளை கண் திறக்கவில்லை. இப்போது அவளும் போய்ச் சேர்ந்து, கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாள். மாலையில் அடக்கம். கல்லறை மூடியைப் பெயர்த்து, பேரன் பெட்டிக்கு மேல் பலகைக்கல் பரப்பி, அதன்மேல் அவளை வைக்க வேண்டும். குடும்ப வழக்கம் அது.

குழிவெட்டும் காத்தமுத்து கடப்பாரையோடு வாசலில் காத்திருந்தார். அமலனின் தாய் ரோஸ்மேரி மட்டும் சம்மதிக்கவில்லை.

"மூடுனது மூடுனதாவே இருக்கட்டும். எம்புள்ளையத் திறந்து போட விடமாட்டேன்."

அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் கணக்கு வாத்தியார். அவருக்கு வேறு வழியில் பேசத் தெரியாது. பழைய தாளொன்றில் சதுரம் போட்டு, அம்மா சாப்பிடாமல் விட்ட மாத்திரை ஒன்றை அதற்குள் வைத்தார்.

"எழவு வீட்லயும் பாடமா, வாத்தியாரே?"

"செத்த நேரம் கேளு, ரோசு. இந்தத் தாளுக்குள்ளயே வாழுறவனுக்கு மேலன்னு ஒரு திசையே தெரியாது. சதுரத்த உடைக்காம இத எடுக்க அவனால ஏலாது. நான் பாரு." மாத்திரையை விரலால் தூக்கினார். "நமக்கும் அப்படித் தெரியாத நாலாவது திசை ஒண்ணு இருந்தா, அங்கருந்து பாக்குறவருக்கு எந்தப் பெட்டியும் மூடின பெட்டி இல்ல. அமலன் இப்பவும் திறந்தவெளியிலதான் கிடக்கான். நாம புதுசா எதையும் திறக்கப் போறதில்ல."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் மண்டையும் அவருக்குத் திறந்துதான இருந்துச்சு?"

"ஆமா."

"எலும்ப அறுக்காமலே கட்டிய எடுத்திருக்கலாம்ல?"

ஸ்தனிஸ்லாஸ் மாத்திரையைத் திரும்பச் சதுரத்துக்குள் வைத்தார். கூடத்தில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சாமியார் சொல்லும் ஆறுதல்களில் ஒன்றை எடுத்து வைக்கலாம்தான், வாய் வரவில்லை.

"தெரியல, ரோசு. இன்னொரு திசை இருக்கலாம்னு மட்டுந்தான் கணக்கு சொல்லுது. அங்க யாரு இருக்கா, ஏன் கை நீட்டலன்னு அது சொல்லாது."

மகன் போன நாளிலிருந்து ஊரே அவளுக்கு விளக்கம் சொல்லியிருந்தது. தெரியலை என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"மூடியத் தூக்கையில நான் பக்கத்துல நிப்பேன். பொம்பளைக்கு அங்க என்ன வேலைன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டாங்க."

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. கடப்பாரை நெம்ப, கல் முனகி நகர்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் தலையைத் திருப்பிக்கொண்டார். ரோஸ்மேரி விளிம்பில் மண்டியிட்டு, கண்ணை எடுக்காமல் உள்ளே பார்த்தாள்.

"மெதுவா வைங்கண்ணே," என்றாள், பலகைக்கல்லைத் தூக்கிய காத்தமுத்துவிடம். "கீழ புள்ள இருக்கான்."