டைகருக்குப் பார்வை வந்த செய்தி

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊரே மாரிக்குப்பம் பாசஞ்சரில், மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சுரங்கத்தை மூடியதிலிருந்து கோலார் தங்கவயலில் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடிவதற்குள் ரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறென்ன பொழுதுபோக்கு? ஹெலனுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்தும் உளறினாள்.

ஹெலனுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு எலி மேய்க்கிறாள் என்று அவள் அண்ணன் கேலி செய்வான். மேய்த்தது சோம்பேறிக் கண்ணுக்காக. அந்தக் கண்ணைப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியாது. ஆனால் அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க மூளை சின்ன வயதிலேயே பழகிவிடும். குழந்தையாக இருக்கும்போது நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மங்கல் கண்ணை வேலை வாங்கினால் சரியாகும். வளர்ந்த பிறகு அது லேசில் பலிப்பதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து ஒன்று வளர்ந்த மூளையையும் மறுபடி இளக்குமா என்று டாக்டர் சீனிவாசராகவன் எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை எளிதானது. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் கோடியில் இரண்டு அட்டை. ஒன்றில் கோடு, மற்றது வெறும் சாம்பல். கோடு போட்ட அட்டைக்குக் கீழே, எலி ஏறி நிற்க ஒரு மேடை முங்கிக் கிடக்கும். நல்ல கண்ணை மூடிவிட்டு எலியை நீந்தவிடுவார்கள். கோடு தெரிந்தால் கரை, தெரியாவிட்டால் தத்தளிப்பு. மருந்துத் தண்ணீர் குடித்த எலிகளில் ஒன்றுக்கு, பெயர் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், டைகர் என்று ஹெலன் பெயர் வைத்திருந்தாள். எலிக்கு டைகர்! அந்த டைகர் ஒரு வெள்ளிக்கிழமை, எத்தனை முறை அட்டையை இடம் மாற்றினாலும் கோட்டை நோக்கியே நீந்தியது.

அன்று மாலை, வைட்ஃபீல்டில் ஏறிய லூர்துமேரிக்கு நகர்ந்து இடம் கொடுத்த கையோடு ஹெலன் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு குருட்டு எலிக்குக் கண்ணு தெரிஞ்சிச்சு."

குருட்டு எலி என்று சொல்லியிருக்க வேண்டாம். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. லூர்துமேரி வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கிறவள். அவளுடைய ஏழு வயது மகள் பியாட்ரிஸுக்கு வலது கண் சோம்பேறிக் கண். லூர்துமேரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னா மருந்துடீ?"

அவ்வளவுதான். மாலூர் வருவதற்குள் பெட்டி முழுக்கச் செய்தி போய்விட்டது. பின் சீட்டிலிருந்து கோவிந்தப்பா எழுந்து வந்து, தன் கேடராக்டுக்கு அந்தத் தண்ணீர் கேட்குமா என்று விசாரித்தார். இன்னொருவர் மூலத்துக்குக் கேட்டார். "இன்னும் ஆராய்ச்சிதாங்க" என்று ஹெலன் ஒரு தரம் சொன்னாள். அதையும் உரக்கச் சொல்லவில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

ஒன்றரை மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பியாட்ரிஸ் ஓடி விளையாடுவதை ஹெலன் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. நல்ல கண்ணை மூட ஆஸ்பத்திரியில் ஒட்டச் சொன்ன பேட்ச்சைக் காணோம்.

"ஏன்க்கா, ஒட்டலியா?"

"அத்த எடுத்துட்டேன் ஹெலனு" என்றாள் லூர்துமேரி, முகமெல்லாம் சிரிப்பாக. "ஒத்தக்கண்ணி ஒத்தக்கண்ணின்னு ஸ்கூல்ல ஓட்றானுங்க. டெய்லி அழுவ. பெரியவங்களுக்கே கேக்கற மருந்து வரப் போவுது, பின்ன இன்னாத்துக்குக் கொயந்தையப் போட்டு வாட்டறது?"

அந்தச் சிரிப்பு தன்னால் வந்த சிரிப்பு என்பது ஹெலனுக்குத் தெரிந்தது.

"அக்கா, அது எலிக்கு. மனுசனுக்கு வர எத்தினி வருசம் ஆவும்னு யாருக்கும் தெரியாது. வராமலேகூடப் போவும். இவளுக்கு இப்பவே ஏழு முடியப் போவுது. இப்ப ஒட்டுனாதான்க்கா புடிக்கும். கையில வெண்ணெய வச்சிக்கினு நெய்க்கு அலையாத."

"அன்னிக்கு ரயில்ல அப்பிடிச் சொல்லலியே நீ."

"தப்பா சொல்ட்டேன்."

லூர்துமேரியின் சிரிப்பு போய்விட்டது. "பெரிய எடத்துப் புள்ளைங்களுக்குன்னா குடுப்பீங்க. தர தொடக்கறவ பொண்ணுன்னா வருசம் ஆவும்ன்ற" என்று சொல்லிவிட்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள். அந்த வாரம் முழுக்க ஹெலன் பக்கத்து இடத்துக்குப் பை வைத்துப் பார்த்தாள்; லூர்துமேரி வரவில்லை. ஹெலனுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து வரும் என்று காத்திருந்தே ஒரு குழந்தையின் கண் போகப் போகிறது, அதற்குக் காரணம் தன் வாய் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

சனிக்கிழமை மதியம் வாசலிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். ஹெலன் இறங்கிப் போனபோது, லூர்துமேரி மகளுடன் நின்றுகொண்டிருந்தாள். "யாரு பேக்கு, யாரு பேக்கு?" என்று, யார் வேண்டுமென அவர் கன்னடத்தில் கேட்டதற்கு, எலியைப் பார்க்க வேண்டும் என்றாளாம்.

"காட்டு. அந்த எலிக்கு நெஜமா கண்ணு தெரியுதான்னு நானே பாக்கறேன்."

"டைகர் எங்க ஆன்டி?" என்றாள் பியாட்ரிஸ்.

மேலே கூண்டில், டைகரைப் போலவே கறுப்புத் தலை எலிகள் இன்னும் நிறைய இருந்தன. எதையாவது காட்டி இதுதான் என்றால் யாருக்குத் தெரியும்? ஒரு கணம் ஹெலனுக்கு அந்த ஆசை வந்தது. ஏற்கெனவே சொன்ன அரை உண்மை போதும் என்று அடக்கிக்கொண்டாள்.

"டைகர் இல்லடா. வியாழக்கிழம கொன்னுட்டோம். மூளைக்குள்ள இன்னா மாறியிருக்குன்னு பாக்கறதுக்கு."

"கண்ணு தெரிஞ்சப்புறமா?"

"தெரிஞ்சதாலதான்." ஹெலனின் குரல் இறங்கிவிட்டது. "கையில புடிச்சிக்கினு இருந்ததும் நான்தான். அதோட கண்ணு பொறக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. குட்டியில தச்சு மூடிப் பார்வைய மங்க வச்சதும் நாங்கதான்."

பியாட்ரிஸ் அம்மாவின் முந்தானைக்குள் ஒதுங்கினாள். "மருந்து குடிச்சா என்னியும் அறுப்பீங்களா?"

லூர்துமேரி, மேலே எதுவும் சொல்லாதே என்பது போல ஹெலனைப் பார்த்தாள். குழந்தை பயப்படுகிறதே என்று நினைத்தாளோ, அல்லது அவளுக்கே பயமோ, தெரியவில்லை.

"உன்ன யாரும் தொட மாட்டாங்க" என்றாள் ஹெலன். "உனக்கு மருந்தும் கெடையாது. உள்ள வா, டைகர் எழுதுன பரீட்சைய நீ எழுது."

டாக்டர் சீனிவாசராகவனிடம் கேட்டுக்கொண்டு அட்டைகளை எடுத்து வந்தாள். நீளமான வராந்தாவின் கோடியில் இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்தாள். கோடு மெல்லியது; நல்ல கண் உள்ளவர்களுக்கு அங்கிருந்தே பளிச்சென்று தெரியும். "கோடு போட்டத ஓடிப் போய்த் தொடு" என்றாள். பியாட்ரிஸ் ஓடிப் போய்த் தொட்டாள். இடம் மாற்றி வைத்தாள், மறுபடியும் சரியாகவே தொட்டாள். "பாத்தியா, நல்லாத்தான தெரியுது" என்றாள் லூர்துமேரி.

ஹெலன் கைக்குட்டையை மடித்து, குழந்தையின் இடது கண்ணை, அந்த நல்ல கண்ணை, மூடிக் கட்டினாள். மறுபடியும் அட்டைகளை மாற்றினாள்.

"இப்பப் போ."

பியாட்ரிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள். பிறகு, கண்டுபிடித்துவிட்டவள் போல வேகமாக நடந்து போய், வெறும் சாம்பல் அட்டையின் மேல் கையை வைத்துத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதானேம்மா?"

பேட்ச் ஒட்டிய நாட்களிலும் அது ஸ்கூல் நேரத்தில்தான்; அப்போது பெற்றவள் வைட்ஃபீல்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். இத்தனை நாளும் இரண்டு கண்ணும் திறந்திருக்க, ஓடுகிற, படிக்கிற, ஊசியில் நூல் கோக்கிற மகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிற மகளை அவள் பார்த்ததே இல்லை. லூர்துமேரி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஹெலனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்க்கா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. டாக்டர் கதவருகே வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூவரும் ஒன்றாக ரயிலேறினார்கள். பேட்ச் ஊரில் வீட்டில் கிடந்தது. கைக்குட்டை நழுவி நழுவி விழுந்தது. லூர்துமேரி மகளை மடியில் வைத்து, தன் உள்ளங்கையால் அவளுடைய நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஃபினாயில் வாசம் அடிக்கிறது என்று குழந்தை முகத்தைத் திருப்பியது, கை விடவில்லை.

"அம்மா, ஒண்ணுமே தெரில. கைய எடு."

"அங்க போவுதே, அது இன்னா?"

"மாடு."

வெளியே ரோட்டில் போனது ஒரு டிராக்டர். ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல கண்ணு" என்றாள் லூர்துமேரி. "மறுபடி பாரு."