ருசி பார்த்தவர்

1

இந்தக் கதை ஒரு ஸ்பூனிலிருந்து வந்தது. யாரும் வாயில் வைக்காத ஸ்பூன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு ஒளிக்க ஒன்றும் இருக்காது.

சித்தி ஓர் ஆலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. நான் அங்கே காய் நறுக்குகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கும். ஒவ்வொரு அண்டாவும் வெளியே போகுமுன் சமைத்தவர் ருசி பார்த்து, ‘ருசி பார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதோ ஒரு கெட்ட சூப்பால் ஒரு ஷிப்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

சித்தி நாற்பத்தொரு நாள் ருசி பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“பசி அவள் வயிற்றில் ஒரு” (ஒரு என்ன? பசிக்கு உவமை தேடுகிறவள் பசியோடு இருக்கவில்லை என்று அர்த்தம். அடித்துவிட்டேன்.)

“சித்தி குண்டாக இருந்தாள், அதனால்” (இதைப் படித்தால் கரண்டியாலேயே போடுவாள். தவிர, அந்த ‘அதனால்’ பொய்.)

“ஸ்டோர் ரூமுக்கு ஆறு படி.” இது இருக்கட்டும்.

ஸ்டோர் ரூமுக்கு ஆறு படி. அதைச் சித்தி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவாள், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு. முழங்காலை ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆறு கிலோ குறைத்துவிட்டு ஒன்றரை மாதத்தில் வாருங்கள், எடை பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுப்பேன் என்றார் டாக்டர். குறையாவிட்டால் வரிசையில் மறுபடி கடைசி ஆள். ஒரு வருஷம் ஆகும். அதுவரை கால் தாங்காது என்று சித்திக்குத் தெரியும்.

அங்கே உணவு ஆலோசனை சொல்லும் நர்ஸ் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை சாப்பாடு. மீதிப் பதினாறு மணி நேரம் தண்ணீர், வெறும் காபி. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை குறைய வேண்டும். முட்டை, மீன், கீரை கூட வேண்டும்.

“காலையில ருசி பார்க்கணுமே, அதுதான் என் வேலை” என்றாள் சித்தி.

“ஒரு ஸ்பூனால ஒண்ணும் ஆகாதும்மா.”

“உங்களுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு, அதுல உப்பு கம்மின்னு இன்னொண்ணு, இப்ப சரியான்னு இன்னொண்ணு, சரியா இருக்கேன்னு சந்தோஷத்துல இன்னொண்ணு.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “தட்டுல போட்டுச் சாப்பிட்டதுல ஏறின உடம்பு இல்லடி இது. இருபது வருஷமா ஸ்பூன் ஸ்பூனா ஏறியிருக்கு. மத்தவங்க சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கேன்.”

(ஒரு கதாபாத்திரம் இவ்வளவு நன்றாகப் பேசுமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். ஆனால் இது அவள் சொன்னது. நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.)

3

முதல் நாள் என்னைத்தான் ருசி பார்க்கச் சொன்னாள். சமையலறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தை நான் விட்டதே அதனால்தான்.

“உப்பு சரியா?”

தலையாட்டினேன். பீன்ஸில் உப்பே இல்லை. இருபது தட்டு திரும்பி வந்தது.

“உன் தலை ஆடுறத நம்பி அண்டாவை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றாள் சித்தி. அவ்வளவுதான். திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கேட்கவும் இல்லை.

பாத்திரம் கழுவும் அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கை. “என்ன சமையல்காரம்மா, சாமியாரா போகப்போறீங்களா? போறப்ப அந்தப் பெரிய குக்கரை எனக்குக் கொடுத்துட்டுப் போங்க.”

“குக்கர் எதுக்கு, என் பசியைத் தரேன், வச்சுக்கோ.”

4

இந்த இடத்தில் எழுத்து கோணலாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம். சித்தி ஸ்டோருக்குப் போயிருந்தாள். அண்டாவில் கோஸ் வதங்கிக்கொண்டிருந்தது. உதவலாம் என்று ஒரு கைப்பிடி உப்பைப் போட்டேன். அவள் திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. அவள் தன் கைப்பிடி உப்பை எடுத்து அண்டாவுக்கு மேல் கொண்டுபோனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

திறந்து பார்த்தால், கை அந்தரத்தில் நிற்கிறது. சித்தி குனிந்து கோஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தூங்கும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

“இதுல உப்பு இருக்கு.”

நான் உப்பு ஒட்டிய கையைப் பின்னால் மறைத்தேன்.

“பாரு, அதுக்குள்ள தண்ணி விட்டிருச்சு. உப்பு படாத கோஸ் இவ்வளவு சீக்கிரம் அழாது.” கையிலிருந்த உப்பை ஜாடியில் திருப்பிப் போட்டாள். “இருபது வருஷமா வாயில ஸ்பூனை வச்சுக்கிட்டு இதைப் பார்க்காமலே இருந்திருக்கேன்.”

அவளும் ஆச்சரியப்பட்டாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பதினொரு மணி நேரமாகச் சாப்பிடாத ஒரு பெண், முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு நடுவில் நின்று, முதல் முறையாகச் சாப்பாட்டைப் பார்த்தாள். (இதற்கு மேல் எழுதினால் கெடும்.)

5

ஆலையில் கேன்டீனை மேற்பார்வை பார்க்கிறவர் எப்போதும் சட்டைப் பையில் ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். எங்களுக்கு அவர் ஸ்பூன் சார். நாற்பத்திரண்டாம் நாள் காலை அவர் பாத்திரம் கழுவும் பக்கம் போனார். அந்த அக்கா கெட்டவள் இல்லை, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்: “எங்க சமையல்காரம்மா மாதிரி வருமா சார். அவங்க எச்சில் ஸ்பூனை நான் தேய்ச்சே ஒண்ணரை மாசமாச்சு.”

ஏழே முக்காலுக்கு ஸ்பூன் சார் அடுப்படியில் நின்றார். நோட்டைப் புரட்டினார். தன் ஸ்பூனை நீட்டினார்.

“என் முன்னாடி ஒரு வாய் பாருங்கம்மா.”

எடை பார்க்க இரண்டு நாள் இருந்தது. இன்னும் அரைக் கிலோ குறைய வேண்டியிருந்தது. சித்தி ஸ்பூனை வாங்கவில்லை. கரண்டியால் காட்டினாள்.

“சூப் சரி. கோஸ் சரி. பீன்ஸ்ல அரைக் கைப்பிடி கம்மி.”

அவரே ருசி பார்த்தார். சூப். கோஸ். பீன்ஸை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு ஜாடியில் கைவிட்டு, அரைக் கைப்பிடி அளந்து, தானே போட்டார். பெரிய மனுஷன் எங்கள் அண்டாவில் கைவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

“எப்படிம்மா?”

“உப்பு போதாத பீன்ஸ் கொதிக்கிற சத்தம் அடங்கியே வரும் சார்.” பிறகு குரல் இறங்கியது. “ஆனா நோட்டுல நான் போட்டதெல்லாம் பொய். ருசி பார்த்தேன்னு போட்டேன். பார்க்கல. நாற்பத்தொரு நாளும் பொய்.”

அவர் பேனாவைத் திறந்தார்.

6

ஒரு முடிவில், அவர் அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுகிறார். அடுத்த வாரம் வேறு சமையல்காரி வருகிறாள். சட்டம் சட்டம்தான், பழைய சூப்பை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு முடிவில், சித்தி ஸ்பூனை வாங்கி ஒரு வாய் வைக்கிறாள். ஒன்றோடு நிற்குமா, நிற்காதா, எனக்கு எழுதப் பயம்.

மூன்றாவதில், எட்டுப் பேர் பார்க்க நான் முன்னால் வந்து, “இனிமே நான் பார்க்கிறேன் சார்” என்கிறேன். சூப்பை வாயில் வைத்து, தலையாட்டாமல், “கொஞ்சம் புளிப்பு கூட” என்கிறேன். (இதை ஐந்து முறை எழுதிவிட்டேன். நான் கதை எழுதும் நோட்டுக்குள் எனக்கு நன்றாகப் பேச வருகிறது.)

இவற்றில் எது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. எல்லா முடிவிலும் நடந்தது ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் பேனாவைத் திறந்த நேரத்தில், நாளைக்குப் பருப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சித்தி ஸ்டோருக்குப் போனாள். கைப்பிடியைத் தொடவில்லை. ஆறு படியும் நேராக ஏறினாள். ஸ்பூன் சார் உட்பட நாங்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாள்: நாற்பத்திரண்டு.
அண்டா: மூன்று.
ருசி பார்த்தவர்:

பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். அவசரமில்லை, சூடு ஆறட்டும். ஒரு வாய் பார்த்துவிட்டுப் போடுங்கள்.