உழரக்கின் பெயரில் ஒரு கட்டம்

கணினியில் அந்த எழுத்து இல்லை என்று டிரெவர் மூன்றாவது முறையாகச் சொன்னார். தெற்கிலிருந்து இந்த வடதுருவ ஊருக்கு விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு வருடமாகக் குளிரைத் திட்டிக்கொண்டு, ஊர்க்காரர்கள் பேசும் நத்திலிக் மொழியில் நன்றி என்றுகூடச் சொல்லப் பழகாமல் பிறப்புப் பதிவு பார்க்கும் மகானுபாவர் அவர். திரையில் உழரக் என்ற பெயரின் மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காக நின்றன. நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். தமிழில் எழுதினால் அங்கே வருவது ழ-தான், வேறெதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

"அந்த இடத்துல ய போட்டுக்கலாமே அர்னாயுக். பொண்ணுக்கு அதுவும் அழகாத்தான் இருக்கும்."

"அது வேற யாரோட பேரோ. இவரு உழரக்."

இவர் என்று அவள் சொன்னது, முதுகுப்புறம் மேலங்கியின் பெரிய தொப்பிக்குள் தூங்கிய ஆறு மாதப் பெண் குழந்தையை. அர்னாயுக்கின் அப்பா உழரக், பனி உடைந்து கடலோடு போனவர். அவர் பெயர் குழந்தைக்கு வந்தது. பெயரோடு அவரும் வந்துவிட்டார். ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பெற்ற பிள்ளையை அவள் அப்பா என்றுதான் கூப்பிட்டாள். அவரோடு சீட்டாடிய கிழவர்கள் குழந்தையிடம் வந்து பழைய சண்டையைத் தொடர்ந்தார்கள். பெயர் பிசகினால் அவர் எங்கே போய் நிற்பார் என்பதுதான் அவள் பயம். ஒரு முறை கடலில் தொலைத்தாயிற்று. இன்னொரு முறை கணினியில் தொலைக்க அவள் தயாராக இல்லை.

"அப்ப கையாலயே எழுதிக் குடுங்க."

"பிறப்பு அட்டையில பேனா எழுத்து செல்லாதுங்க."

உலகத்து எழுத்துகளெல்லாம் கணினியில் தெரிவதற்கு எண் கொடுக்கும் குழு ஒன்று தூர தேசத்தில் உண்டு. அர்னாயுக் அவர்களுக்கு எழுதிக் கேட்டாள். கைப்பேசியில் அனுப்புகிற கண்ணடிக்கும் பூனைப் படத்துக்கும் பல்லிளிக்கும் மலக் குவியல் படத்துக்கும் கேட்ட மாத்திரத்தில் எண் கொடுத்த பெரிய மனிதர்கள். நத்திலிக்காரர்கள் நாளெல்லாம் வாயில் வைத்திருக்கும் ஒரு ழ-வுக்கு மட்டும் அத்தாட்சி கேட்டார்கள். இந்த எழுத்தைப் பெயரில் உடையவர் யார், வயது என்ன, தொழில் என்ன என்று படிவம் வந்தது. அர்னாயுக் பேனாவால் உழரக் என்று எழுதினாள். வயது எழுபத்தொன்று, தொழில் சீல் வேட்டை. அதில் ஒரு பொய்யும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

குழுவுக்கு ஒரே குஷி. பழுத்த வேட்டைக்காரர், முகம் பார்த்துப் பேசலாம் என்று காணொளிக்கு நாள் குறித்தார்கள். அன்று தேநீரும் உலர்ந்த மீனுமாகப் பாதி ஊர் கூடத்தில் கூடிவிட்டது. திரையில் மூன்று தலைகள் தெரிந்தன.

"பெரியவர் வந்துட்டாரா?" என்றார் தலைவர். பெயரைச் சொல்லிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அர்னாயுக் குழந்தையை மேசைமேல் பிடித்து உட்காரவைத்தாள். "வந்துட்டாரு. கேளுங்க."

குழந்தை மைக்கைப் பிடித்துச் சப்பியது.

"அப்பா, அதைக் கடிக்காதீங்க."

"இது குழந்தையாச்சே," என்றார் தலைவர்.

"எங்கப்பா."

"அவரு உயிரோட இருக்காரா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"கண்ணு முன்னாடி உக்காந்திருக்காரு, இதென்ன கேள்வி," என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர். "ஆளு இப்பவும் கையில கிடைச்சதை வாயிலதான் போடுறாரு."

தலைவர் முகம் கடுத்தது. இறந்தவர் பெயரில் வந்த விண்ணப்பம் தள்ளுபடி என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அர்னாயுக் வீட்டுக்குப் போய் அழுதாள். பாதி துக்கம், பாதி ஆத்திரம்.

மூன்று வாரம் கழித்துத் தள்ளுபடிக் கடிதம் தபாலில் வந்தது. முத்திரை, கையொப்பம், எல்லாம் ஜோர். ஆனால் ஒருவரைத் தள்ளுபடி செய்யவும் அவர் பெயரை எழுதித்தானே ஆகவேண்டும். அவர்கள் கணினியும் கட்டத்தைத்தான் துப்பியிருக்கும் போல. அந்த இடத்தில் யாரோ நீல மையால், அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ழ-வை வரைந்திருந்தார்கள்.

அவள் நேரே போய் டிரெவரின் மேசையில் அதை விரித்தாள்.

"உலகத்துக்கே எழுத்துக் குடுக்கிறவங்க. அவங்களே பேனாவாலதான் எழுதியிருக்காங்க. நீங்க எழுதினா மட்டும் செல்லாதா?"

டிரெவர் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். அட்டையை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். முதுகில் குழந்தை விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"நிதானமா எழுதுங்க," என்றாள் அர்னாயுக். "அப்பா பாத்துக்கிட்டிருக்காரு."