முதலாளி வயலுக்கு வரக்கூடாது

டேப்பை இழுத்துப் பிடித்து மூன்றாவது முறையும் அளந்துவிட்டு, வெங்காய அறுவடை இயந்திரம் ஓட்ட வந்த தாக் எழுந்து நின்றான்.

"ஒன்னு நாப்பத்திரெண்டு மீட்டர், அண்ணே. எறங்காது."

"எது எறங்காது?" என்றார் கில்சொப்.

"மெஷின்தான். பாத்தி அகலம் ஒன்னு இருபதுக்கு மேல இருந்தா சக்கரம் ரெண்டும் பள்ளத்துல எறங்காது. வெங்காயத்து மேலதான் ஏறும்."

கில்சொப்புக்கு ஒன்றரை ஏக்கரில் முப்பத்திரண்டு மேட்டுப்பாத்தி. வெங்காயத் தாள் எல்லாம் மடிந்து விழுந்து, இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்று படுத்துக் கிடந்தது. சனிக்கிழமை மழை இறங்கும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். ஜூன் கடைசியில் இறங்கும் மழை ஒரு மாதம் விடாது. அதில் நனைந்த வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும், பிடுங்கினால் தோல்தான் கையோடு வரும். அன்றைக்குப் புதன்கிழமை.

கருவி வாடகை நிலையத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டு இந்த இயந்திரத்துக்காக அவர் எட்டு மாதம் காத்திருந்தார். சும்மா காத்திருந்தாலாவது பரவாயில்லை. ஊர் மன்றத்தில் சோஜு சாராயத்தைக் குடித்துவிட்டு, "இந்த வருஷத்தோட சரி. இனிமே எந்தக் கூலியாள் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" என்று பத்துப் பேர் காதுபட அறிவித்தும் விட்டார். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் இப்போது வரப்பில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"போன வருஷம் பேப்பர் குடுத்தோமேண்ணே. அளவு எல்லாம் போட்டு, படம்கூட வரைஞ்சு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கையெழுத்துப் போட்டா? அம்பது வருஷமா வெங்காயம் போடறவன் நான். அத்தனை பள்ளம் வெட்டி நிலத்தை வீணாக்க எனக்கென்ன பைத்தியமா? பாத்திய ஒரு சாண் அகலமாக்கினா நாலு பள்ளம் மிச்சம். அந்த நாலுலயும் வெங்காயம் வெளையும்ல?"

அவர் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் அப்பன் பாட்டன் எல்லோரும் அப்படித்தான் பாத்தி போட்டார்கள். நடக்கும் பள்ளம் வீண், விளையும் மேடு லாபம். ஆனால் அவர்கள் காலத்தில் கையால் பிடுங்க ஆள் இருந்தது.

"ஒரு பாத்தி ஓட்டித்தான் பாரேன். வந்துட்டுச் சும்மா போவியா?"

தாக் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியில் ஏறினான். பத்து மீட்டர் போனது. முன்னால் தாளை வெட்டியது, பின்னால் மண்ணைக் கிளறி வெங்காயத்தை மேலே தள்ளியது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஓரத்து வரிசையும் சக்கரத்துக்கு அடியில் சட்டினியாகிப்போனது. வெங்காய நெடி குப்பென்று ஏறி வரப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கண்ணில் நீர் வந்தது. கில்சொப்புக்கும் வந்தது, அது நெடியால் மட்டும் இல்லை.

தாக் இன்ஜினை அணைத்தான். "மன்னிச்சுக்குங்கண்ணே. மதியம் மேங் அண்ணன் வயல்ல ஓட்டணும். அவரு பாத்தி சரியா இருக்கு."

அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மேங் அடுத்த வயல்காரர், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசத் தெரியாத ஆள். சொன்ன அளவில் வாயை மூடிக்கொண்டு பாத்தி போட்டிருந்தார்.

வாசலில் கில்சொப்பின் மனைவி சுன்னிம் ஓட்டுநருக்காக நூடுல்ஸ் வேகவைத்து, கிம்ச்சி வெட்டி, பத்து மணிச் சாப்பாட்டைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். அவன் சாப்பிடாமலே போய்விட்டான்.

அன்று மதியத்துக்குள் கில்சொப் பதினேழு போன் செய்தார். ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான், இந்த வாரம் ஆள் இல்லை. கடைசியாகப் பேசிய தரகன் கொஞ்சம் மனசாட்சி உள்ளவன்.

"ஐயா, ஒளிச்சு என்ன பண்றது. ஆளு இருக்கு. உங்க வயலுன்னா யாரும் வண்டியில ஏற மாட்டேங்கறாங்க."

"ஏனாம்? நான் என்ன கடிச்சா வெச்சேன்?"

"அந்தப் பொம்பளைங்க போன்ல ஒரு குரூப் வெச்சிருக்காங்க. எந்த வயல்ல சாப்பாடு நல்லாருக்கு, எங்க கக்கூஸ் இருக்கு, எல்லாம் அதுல போடுவாங்க. உங்க வயலுக்கு நேரா ஒரு ஒலிபெருக்கிப் படம் போட்டு வெச்சிருக்காங்க. நீங்க லியென்கிட்டயே பேசிப் பாருங்க."

லியென் வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்து பதினேழு வருஷம் ஆனவள். பக்கத்து ஊர்க்காரி. பதினாலு பெண்களைச் சேர்த்து ஒரு வேனில் வயல் வயலாக அழைத்துப் போகும் மேஸ்திரி. போன அக்டோபரில் கில்சொப்பின் வயலில் நாற்று நட்டது அவள் ஆட்கள்தான். அன்றைக்குக் கில்சொப் கையில் ஒரு குச்சியோடு அவர்கள் பின்னாலேயே நடந்தார். இடைவெளி கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு, ஆழம் பத்தல, எந்திரி, திரும்ப நடு என்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த வாய் சாயங்காலம் வரை ஓயவில்லை. மூன்று பாத்தியைப் பிடுங்கி மறுபடி நட வைத்தார். அவர் கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை, சுன்னிம் கையால் சாப்பாடும் நிறையவே போட்டார். ஆனால் சோற்றைப் போட்டுக்கொண்டே திட்டினால் அது எப்படி இறங்கும்?

வியாழக்கிழமை காலையில் சுன்னிம் அவரை ஒரு தள்ளுத் தள்ளி அனுப்பினாள். லியென் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வயல் வேலைக்குப் போடும் துணிக் கையுறையெல்லாம் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன முதலாளி, மெஷின் எங்க?" என்றாள். இந்த நாட்டு டிவிக்காரர்களைவிட அவளுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு சுத்தமாக வரும்.

கில்சொப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் வாம்மா. நீ கேக்கறது குடுக்கறேன்."

"கூலி எல்லாருக்கும் ஒரே கூலிதான். அதுல ஒன்னும் வேணாம். மேங் அண்ணன் வயல்லயும் கூப்பிடறாங்க. மெஷின் தோண்டிப் போட்டதைப் பையில அள்ள அங்கயும் ஆளில்ல." துணியை உதறினாள். "நான் வரேன். ஒரே ஒரு விஷயம். முதலாளி வயலுக்கு வரக்கூடாது."

"என்னது?"

"நாங்க வேலை முடிச்சு வண்டி ஏறற வரைக்கும் நீங்க வயல்ல கால் வெக்கக்கூடாது. வீட்டுலயும் வேணாம், வீடு வயலுக்குப் பக்கத்துலயே இருக்கு. சுன்னிம் அக்கா மட்டும் இருக்கட்டும்."

"என் வயலுக்கு நான் வரக்கூடாதா!"

"அப்ப மழை வரட்டும், முதலாளி."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வேன் வந்தபோது கில்சொப் ஊர் மன்றத்தில் உட்கார்ந்திருந்தார். மன்றம் மேட்டில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அவர் வயல் கீழே விரித்த பாய் மாதிரி தெரியும். அதனால்தான் அங்கே வந்தார்.

ஆறு மணிக்கு ஊர்த்தலைவர் வந்து மன்றத்து மைக்கைத் தட்டி, கூரையில் இருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளில் ஊருக்கே சொன்னார். மழை இன்று சாயங்காலமே வந்துவிடும், எல்லோரும் வாய்க்காலைத் திறந்து வையுங்கள் என்று. சொல்லிவிட்டு மண்வெட்டியோடு தன் வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார்.

கில்சொப் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். கீழே பெண்கள் உட்காருவதற்காகத் தொடையோடு சேர்த்துப் பஞ்சுத் திண்டைக் கட்டிக்கொண்டு பாத்திக்கு இரண்டு பேராக உட்கார்ந்து நகர்ந்தார்கள். ஒருத்தி பாத்தியை மூடியிருந்த பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போனாள். பின்னால் இருவர் பெரிய பைகளை நிரப்பினார்கள். நிரம்பிய பையை லாரியின் கொக்கி தூக்கியது, லாரி வெங்காயம் உலர்த்தும் காற்றாடிக் கொட்டகைக்குப் போனது. யாரோ போனில் பாட்டுப் போட்டிருந்தார்கள். மத்தியானம் சுன்னிம் கொண்டுபோன சாப்பாட்டைச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சுன்னிமும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வேலை பறந்தது. அதை அவரால் மறுக்க முடியவில்லை. மூன்று மணிக்கு இருபத்தோரு பாத்தி முடிந்திருந்தது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் பதினொன்று, இருட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அப்போதுதான் வெட்டிய தாள் குவியல் அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய குவியலா? தாளை ஒட்ட நறுக்குகிறார்கள்! நாலு விரல் விட்டு வெட்டாவிட்டால் வெட்டுவாய் வழியாக ஈரம் இறங்கி, ஆடி முடிவதற்குள் கொட்டகையிலேயே அத்தனையும் அழுகிவிடுமே. இருபத்தோரு பாத்தி! அவர் எழுந்தார், உட்கார்ந்தார். சுன்னிமுக்குப் போன் அடித்தார், அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தாள். வயலில் கால் வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதைக் காப்பாற்றுகிற மனுஷன்தான் அவர். கால்தானே வைக்கக்கூடாது?

மைக்கைப் போட்டார்.

"ஏய்! தாளை ஒட்ட வெட்டாதீங்க! நாலு விரல் விடுங்க, நாலு விரல்! அந்தப் பச்சைத் தொப்பிக்காரி, உன்னைத்தான் சொல்றேன்! பதினேழாவது பாத்தியில விட்டுட்டுப் போறீங்க, திரும்பி வந்து பாருங்க! கண்ணு எங்க இருக்கு? லியென், என்னத்தை மேய்க்கிற நீ?"

பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. மேங் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாய்க்காலில் நின்ற ஊர்த்தலைவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மன்றத்தை நோக்கி ஓடினார். அவர் வந்து சேர்வதற்குள் கில்சொப் இன்னும் இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தார்.

கீழே பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்தார்கள். திண்டை அவிழ்த்தார்கள். பாட்டு நின்றது.

கில்சொப் மூச்சிரைக்க ஓடி வயலுக்கு வந்தபோது முக்கால்வாசிப் பேர் வேனில் ஏறியிருந்தார்கள். லியென் மட்டும் வரப்பில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அளந்து பாருங்க."

தாள் சரியாக நாலு விரல் இருந்தது. அவர் இன்னொன்றை எடுத்தார். அதிலும் நாலு விரல்.

"குவியல் பெரிசா தெரியுதே..."

"ரெண்டு பாத்திக்கு ஒரு குவியல் போட்டோம். நடக்க வசதியா இருக்கும்னு." அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "மேங் அண்ணன் வயல்ல மெஷின் தோண்டிப் போட்டது மண்ணு மேல அப்படியே கெடக்கு. காலையிலேருந்து போன் பண்றாரு. உங்ககிட்ட வாக்குக் குடுத்தோமேன்னுதான் போகல. இப்ப போறோம்."

"லியென், இரும்மா. பதினோரு பாத்திதான் மிச்சம். ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியமா."

"அந்த நாலு விரலையும் இப்படிக் கத்தாமலே கேட்டிருக்கலாம், முதலாளி. இருபத்தோரு பாத்திக் கூலியை அக்காகிட்ட வாங்கிக்கறேன்."

வேன் கிளம்பி ஐம்பது மீட்டர் போய் மேங்கின் வயலில் நின்றது. வேறு எங்காவது தொலைவாகப் போயிருந்தாலாவது தேவலை. பச்சைத் தொப்பி முதலில் இறங்கி அங்கே உட்கார்ந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

முதல் துளி விழுந்தது.

சுன்னிம் வயலில் இறங்கினாள். பெண்கள் விட்டுப்போன ஒரு திண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் செய்த முட்டியைப் பிடித்தபடி இருபத்திரண்டாவது பாத்தியில் உட்கார்ந்தாள். கில்சொப் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தார். பாத்தியின் நடு வரிசைக்கு இருவர் கையும் எட்டவில்லை, குப்புற விழாத குறையாகச் சாய்ந்து பிடுங்க வேண்டியிருந்தது. அவள் வேகமாகப் பிடுங்கினாள். அறுபத்தாறு வயதில் அந்த முட்டியோடு அவள் பிடுங்குவதைப் பார்க்க அவருக்கே மனசு கேட்கவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"இந்தா, வேர்ல மண்ணை உதறிட்டுப் போடு. இப்படிப் போட்டா பையில சேறுதான் போகும்."

சுன்னிமின் கை நின்றது. கையிலிருந்த வெங்காயத்தை நன்றாக உதறி, மண் இல்லாமல், மெதுவாக அவர் முன்னால் வைத்தாள். திண்டின் கொக்கியை அவிழ்த்தாள்.

"என்ன, முட்டி வலிக்குதா?" என்றார்.

"முட்டியில்லீங்க." பாத்தியில் கையை ஊன்றி எழுந்தாள். "நாப்பத்தொரு வருஷமா இந்த வயலை விட்டுப் போகாத ஒரே ஆளு நான்தான். நீங்க சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீங்களே உதறிப் போடுங்க."

அவள் நொண்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். "ஏய், சுன்னிம்!" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேங்கின் வயலில் பெண்கள் தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டே எதற்கோ சிரித்தார்கள். மழை வலுத்து, பாத்தியில் கிடந்த தாளெல்லாம் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. கில்சொப் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினார். மண்ணை உதறினார். நாலு விரல் விட்டுத் தாளை வெட்டினார். சரியாக வெட்டினோமா என்று ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, அடுத்ததைப் பிடுங்கக் குனிந்தார்.