வால்வுக்காரர் வழக்கு

அரசியலில் இருப்பவர் எவரையும் நான் நம்பியதில்லை. என் மகள் நகராட்சித் தலைவியாக ஜெயித்த அன்று வாழ்த்த வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

"இவளையும் நம்பாதீங்க. கேள்வி கேட்டுக்கிட்டே இருங்க."

"வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி," என்று மகள் சிரித்தாள்.

எனக்குப் பஞ்சர் கடை. கடைக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. தொட்டியடியில் வால்வுக்காரருக்கு வேலை. ஆள் உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு அவர் திருகினால்தான் தெருவுக்குத் தண்ணீர். சாவி இல்லையென்றால் அவரும் நம்மைப் போல வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அன்றைக்கு அப்படித்தான் ஆனது. எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதென்று அவருடைய சாவியை இன்ஜினியர் ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார். நான் பார்த்தேன். தண்ணீர் வராத கோபத்தில் பெண்கள் காலிக் குடங்களோடு என் மகளை மொய்த்துக்கொண்டார்கள். அவள் விறுவிறுவென்று தொட்டிக்கு வந்தாள். வால்வுக்காரர் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். டியூபைத் தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டு நான் எழுந்து போவதற்குள் பளாரென்று விழுந்தது ஓர் அறை.

அதோடு அவருக்கு இடது காது போயிற்று. தனக்கு மேலே இருப்பவர் மீது புகார் கொடுக்க எவனுக்கு நெஞ்சு வரும்? அவருக்கும் வரவில்லை. அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் போலீசில் கொடுக்க வைத்தாள். வழக்காகிவிட்டது.

வக்கீலைக் கூட்டிக்கொண்டு கட்சிச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் ஆமாஞ்சாமி என்போம். மேலிடம் தும்மினாலும் ஆமாம் போடுகிறவர்.

"ஐயா, நீங்கதான் நேர்ல பார்த்த சாட்சி," என்றார். "அவரு பாசியில வழுக்கி விழுந்தாரு, குழாய் விளிம்புல காது இடிச்சுதுன்னு சொல்லிடுங்க. கேஸ் படுத்துடும்."

"பாசி ஏதுய்யா? தண்ணியே வரலன்னுதானே சண்டை!"

வக்கீல் இருமினார். "அப்ப கல்லு தடுக்கிச்சுன்னு வெச்சுக்கலாம்."

சரி, கல்லே இருக்கட்டும் என்றேன். எனக்கு அதில் கூச்சமெல்லாம் இல்லை. கொலை வழக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆளாளுக்குப் பதவியில் இருக்கிறான். என் பிள்ளை ஓர் அறைக்காகப் பதவியை விட்டு இறங்க வேண்டுமா?

மகள் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கல்லு எந்தப் பக்கம்ப்பா இருந்துச்சு?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தேர்தல்ல நான் மேடையேறி என்னப்பா பேசினேன்?"

"கேஸ் இருக்கிறவன் நாற்காலியை விட்டு எறங்கி வந்து பதில் சொல்லணும்னு பேசின. எவன்தான் பேசல?"

"அது அந்தக் கட்சிக்காரனுக்குச் சொன்னதும்மா!" என்று பதறினார் ஆமாஞ்சாமி. "அதுவுமில்லாம குற்றம்னு இன்னும் எங்க தீர்ப்பு வந்துச்சு?"

"வரலதான். ஆனா அந்த அண்ணன் என் கீழ வேலை பார்க்கிறாரு. அவரு பக்கத்து சாட்சிங்களும் நகராட்சியிலதான் வேலை பார்க்கிறாங்க. நான் அந்தச் சீட்டுல இருக்கிற வரைக்கும் யாரு வாயைத் திறப்பா?"

மறுநாள் ராஜினாமா செய்துவிட்டாள். ஆமாஞ்சாமி தலையில் அடித்துக்கொண்டார். நான் அசரவில்லை. இதுவும் ஒரு நாடகம், அனுதாப ஓட்டுக்கு அடிபோடுகிறாள் என்றே எண்ணினேன். என் பெண்ணாயிருந்தால் என்ன, அரசியலில் இருக்கிறாளே! கல் கதையை மனப்பாடம் செய்துகொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன்.

கோர்ட்டில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது, காற்றுதான் இல்லை. பின் பெஞ்சில் வால்வுக்காரரும் மனைவியும் இருந்தார்கள். குற்றப்பத்திரிகையைப் படித்துவிட்டு, ஒத்துக்கொள்கிறாயா என்று நீதிபதியம்மா கேட்டார். எங்கள் வக்கீல் பாதி எழுந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அடிச்சேங்க. அவரு மேல தப்பில்ல. ஏன் உட்கார்ந்திருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கல."

கல்லும் போச்சு, பாசியும் போச்சு.

வால்வுக்காரர், என்ன சொன்னாள் என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தம்மா எழுந்து நின்றாள். "அம்மா, இவருக்குக் கேட்கலீங்க. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. சரி என்று தலையசைத்தார்.

மகள் கூண்டுக்குள்ளேயே நகர்ந்து, அவருடைய வலது காது இருக்கும் பக்கமாக வந்து நின்றாள். கட்சி மேடையில்கூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "நான்தாண்ணே அடிச்சேன்."

அவர் கேட்டுக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல நெஞ்சு விம்மியது. இவளை நான் பெற்றேன் என்று அங்கேயே எழுந்து கத்தத் தோன்றியது. போலீஸ்காரர் முறைத்ததால் கத்தவில்லை.

காது வைத்தியத்தை அவளே பார்க்க வேண்டும், சாயங்காலம் கோர்ட் கலையும்வரை ஓரமாக நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது. இனி வெகுகாலம் கட்சி அவளுக்குச் சீட்டும் கொடுக்காது. தீர்ப்புப்படியே ஓரமாக நின்றாள். கால் கடுக்க நானும் கூடவே நின்றேன். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

இப்போது வேறொருவர் தலைவர். ஆமாஞ்சாமி கட்சி மாறி அவர் பின்னால் ஓடுகிறார். அந்தத் தலைவர் மேல் ஆள்கடத்தல் வழக்கு இருக்கிறது; வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் ஆமாஞ்சாமியின் வண்டி பஞ்சர். கடையில் நாலு பேர் இருக்கும்போது, "என்ன பெரியவரே, பொண்ணு தண்டனை வாங்கினவதானே, இன்னும் என்ன நெஞ்சை நிமித்திக்கிட்டு?" என்று நக்கலடித்தார்.

"ஆமாய்யா, வாங்கினா," என்றேன். "நாற்காலியை விட்டு எறங்கி வந்து, நின்னு வாங்கினா. உங்காளை ஒரு தடவை எறங்கி வந்து நிக்கச் சொல்லு. அப்பறம் வா, பஞ்சர் ஒட்டித் தர்றேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.